போதையும் நட்பும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

மதுவின் தீமையைப் பற்றித் தமிழில் எழுதப்படாத காலமே இல்லை எனலாம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று 93-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். நானும் பள்ளியில் படித்தபோது 'மது அரக்கன்' என்னும் தலைப்பில் மூன்று முறை கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு முறை முதற்பரிசாக ஒரு டிபன் பாக்ஸும் பெற்றேன். அந்தக் கட்டுரைகளில் குடிப்பவர் எப்போதும் ஒரு குடும்பத் தலைவராகவே இருப்பார். அழும் மனைவியும் பசித்த குழந்தைகளும் வருவார்கள். என்னுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவன் மட்டும் வரமாட்டான்.

நான் டிபன் பாக்ஸ் வாங்கிய அதே ஆண்டில் அவன் குடிக்கத் தொடங்கியிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பருவத்தைப் பதின்பருவம் என்கிறோம். இப்பருவத்தினருக்குப் போதைப் பொருள்கள் ஏன் பெரியவர்களைவிட அதிகக் கேடு செய்கின்றன, அப்பழக்கம் எவ்வாறு தொடங்குகிறது, உடன் பயிலும் நாம் என்ன செய்யலாம் என்னும் மூன்று கேள்விகளை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

வளரும் மூளை

மனித மூளை ஏறத்தாழ ஆறு வயதிலேயே பெரியவரின் மூளை அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. ஆகவே அதன் வளர்ச்சி அத்துடன் முடிந்தது என்று முன்னாளில் கருதினர். அது சரியன்று என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுவதும், பயன்படும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை படர்வதும் இருபத்தைந்து வயதளவும் நடைபெறுகின்றன. இந்த வேலை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நகர்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியே கடைசியாக முதிர்கிறது. 'இதைச் செய்தால் நாளை என்ன ஆகும்?' என்று எடைபோட்டுப் பார்ப்பது இந்தப் பகுதிதான்.

ஆனால் இன்பத்தைத் தேடும் பகுதிகளோ பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே வேகம் பெற்றுவிடுகின்றன. காளைக்கு வலு வந்துவிட்டது, மூக்கணாங்கயிறு இன்னும் குத்தவில்லை என்று எங்கள் ஊர் வழக்கில் இதைச் சொல்லலாம்.

நல்ல உணவு, விளையாட்டில் வெற்றி, ஆசிரியரின் பாராட்டு ஆகியவை கிடைக்கும்போது நம் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. போதைப் பொருள்கள் இதே டோபமைனை இயற்கைக்கு மீறிய அளவில் பெருகச் செய்கின்றன. பெருக்கம் அடிக்கடி நிகழ்ந்தால் மூளை தன்னைக் காத்துக்கொள்ள அதை ஏற்கும் இடங்களைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு பழைய அளவில் பழைய இன்பம் கிடைப்பதில்லை. அளவைக் கூட்ட வேண்டியதாகிறது. அதுமட்டுமன்று, முன்பு மகிழ்ச்சி தந்த கபடியும் சினிமாவும் சப்பென்று ஆகிவிடுகின்றன. இதையே நாம் அடிமையாதல் என்கிறோம்.

1990-களில் அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் வாழ்நாளில் எப்போதாவது மதுவுக்கு அடிமையானதாகத் தெரியவந்தது. 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 சதவீதம். குடும்பச் சூழலும் பரம்பரையும் இந்த வேற்றுமைக்கு ஓரளவு காரணமாகலாம். ஆயினும், தொடங்கும் வயது தள்ளிப்போகப் போக ஆபத்து குறைகிறது என்னும் உண்மை நம் கவனத்திற்கு உரியது.

கல்லீரல் செய்யும் வேலை

நாம் குடிக்கும் மதுவில் உள்ளது எத்தில் ஆல்கஹால். கல்லீரல் இதை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. பிறகு அதை அசிட்டிக் அமிலமாக்கி, முடிவில் நீரும் கரியமில வாயுவுமாக வெளியேற்றுகிறது. இடையில் தங்கும் அசிட்டால்டிஹைடு செல்களைத் தாக்கும் தன்மையுடையது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்துவிட்டது.

கள்ளச் சாராயத்தில் கலக்கப்படும் மெத்தில் ஆல்கஹாலின் கதை வேறு. அதே கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையும் பாம்பும் கெடாமலிருக்க ஊற்றி வைத்திருக்கும் ஃபார்மலின், இந்த ஃபார்மால்டிஹைடு நீரில் கரைந்த கரைசலே ஆகும். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வருகிறதே, அந்தப் பொருள் ஒருவர் உடலுக்குள்ளேயே உண்டாகிறது. அது பின்னர் ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தையும் அமிலமாக்குகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இதுவே.

மாணவர்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. "பீர் குடியில் சேராது" என்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 650 மில்லி 'ஸ்ட்ராங்' பீரில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள பிராந்தியை 60 மில்லி எடுத்தால் அதில் சுமார் 26 மில்லி இருக்கிறது. ஆகவே ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு பெரிய பெக் பிராந்திக்குச் சமம். கல்லீரலுக்குப் பாட்டிலின் மேல் ஒட்டியுள்ள பெயர் தெரியாது.

மது மட்டுமன்று

இன்று மதுவைவிட எளிதில் மாணவர் கைக்குக் கிட்டும் பொருள்கள் பல உள்ளன. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆசிரியர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதிலுள்ள நிக்கோட்டின் மிக விரைவில் அடிமைப்படுத்தக்கூடியது. கஞ்சா பதின்பருவத்தினரின் நினைவாற்றலையும் கவனத்தையும் கெடுக்கிறது. சிலருக்கு மனச்சிதைவு நோய் வருவதற்கும் வழிகோலுகிறது. கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைச் சிலர் போதைக்காக விழுங்குகின்றனர். இவற்றுள் அபினி வகையைச் சார்ந்தவை, மூச்சை இயக்கும் முகுளத்தை மந்தமாக்குகின்றன. அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும்.

பஞ்சர் ஒட்டும் சொலூசன், ஒயிட்னர், தின்னர் ஆகியவற்றை முகர்வதும் ஒரு போதையே. இது பெரும்பாலும் சிறுவர்களின் பழக்கம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை மேற்கொண்டு 2019-இல் வெளியான ஆய்வின்படி, பெரியவர்களில் 0.58 சதவீதத்தினரும், 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 1.17 சதவீதத்தினரும் இவ்வாறு முகர்கின்றனர். சிறுவர்களின் பங்கு பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை இங்கே காண்கிறோம். முதல் முறை முகரும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போவதும் உண்டு.

முதல் வாய் எங்கிருந்து வருகிறது?

எந்த மாணவனும் போதைக்கு அடிமையாக வேண்டும் என்று முடிவு செய்து கடைக்குப் போவதில்லை. முதல் வாயைக் கொடுப்பவன் முகம் தெரியாத கயவனும் அல்லன். பெரும்பாலும் அவன் தெருவில் தெரிந்த அண்ணன், உறவுக்காரப் பையன், உற்ற நண்பன். "சும்மா கம்பெனிக்கு" என்ற சொல்லே அங்கு ஒலிக்கும்.

என் நண்பனுக்கும் அப்படித்தான் நேர்ந்தது. (இதை எழுத அவனிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.) எங்களுக்கு அப்போது பதினைந்து வயது. ஊரில் மாரியம்மன் திருவிழா. இரவு நாடகம் தொடங்குமுன் பெரிய பையன்கள் எங்களைப் பம்ப் செட்டுக்குப் பின்னால் அழைத்துச் சென்றனர். பிளாஸ்டிக் டம்ளர் முதலில் என்னிடம்தான் வந்தது. நான் வாங்கவில்லை. என் ஒழுக்கத்தைப் பறைசாற்ற இதைச் சொல்லவில்லை. என் தந்தையின் குடியால் பட்டவர் என் தாய். நான் எங்கே போய் வந்தாலும் "ஊது" என்று சொல்லி முகர்ந்து பார்ப்பார். அந்தப் பயம் ஒன்றே என்னைத் தடுத்தது. அவன் வீட்டில் ஊதச் சொல்ல ஆள் இல்லை. அவன் தந்தை இறந்துவிட்டார். தாய் இரவு வேலைக்குப் போகிறவர். அவன் வாங்கிக் குடித்தான்.

திருவிழாவுக்கு ஒரு முறை என்பது மாதம் ஒரு முறையாயிற்று. பிளஸ் ஒன் படிக்கும்போது வாரம் ஒரு முறை. பிளஸ் டூவில் கணக்கு இல்லை. சனிக்கிழமைகளில் மேஸ்திரியுடன் சித்தாள் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தான். "டேய், எங்கம்மா கேட்டா உங்க வீட்டுலதான் படிச்சேன்னு சொல்லிடுடா" என்பான். நானும் சொல்வேன். எத்தனை முறை சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அன்று என் கொள்கை.

கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வந்திருந்தால் அவன் குடும்பத்தில் அவன்தான் முதல் ஆள். அவன் பிளஸ் டூவில் இரண்டு பாடங்களில் தவறினான். பதினெட்டு வயதில் ஓர் இரவு, போதையில் வண்டி ஓட்டிப் பாலத்துக் கட்டையில் மோதித் தொடை எலும்பு முறிந்தது.

அரசு மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் அவனுக்குக் கை நடுங்கியது. உடல் வியர்த்தது. இரவெல்லாம் தூக்கம் இல்லை. விபத்தினால் வந்த அதிர்ச்சி என்று நாங்கள் நினைத்தோம். டாக்டர் அவன் தாயைத் தனியே அழைத்து, "எத்தனை வருஷமாகக் குடிக்கிறான்?" என்று கேட்டார். தினமும் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் இவ்வாறு ஆகும் என்று அவரே விளக்கினார். அன்றுதான் அந்தத் தாய்க்கு விஷயம் தெரியும்.

வெளியே வந்த அவர் என்னைத் திட்டவில்லை. "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்திற்குள்ளும் அவற்றை விற்பதைத் தடை செய்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, 18 வயது நிறையாத ஒருவருக்கு மருத்துவர் ஆலோசனையின்றி மதுவோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று இப்பிரிவு. பம்ப் செட்டுக்குப் பின்னால் விளையாட்டாக டம்ளரை நீட்டும் அண்ணனுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உள்ளது. சிறிய அளவு போதைப் பொருள் தொடர்பாகவோ, அதை உட்கொண்டதற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு கிடைக்கும். சட்டமும் அவனைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கவில்லை. நோயாளியாகவும் பார்க்கிறது.

ஐஸ்லாந்து செய்து காட்டியது

சட்டத்தால் மட்டும் இது தீருமா? தீராது. வேறு எதனால் தீரும் என்பதற்கு ஐஸ்லாந்து ஒரு சான்று. நான்கு லட்சத்திற்கும் குறைவான மக்கள் வாழும் அத்தீவு நாட்டில், 1998-இல் 15, 16 வயது மாணவர்களில் 42 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்துப் போதையேறியிருந்தனர். 2016-இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. தினமும் புகைப்பவர் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாயினர்.

இதற்கு அவர்கள் அறிவுரைச் சுவரொட்டிகளை நம்பவில்லை. முதலில் பள்ளிதோறும் மாணவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து உண்மை நிலையை அறிந்தனர். பெற்றோருடன் அதிக நேரம் கழிப்பவர்கள், விளையாட்டிலும் கலையிலும் ஒழுங்காக ஈடுபடுபவர்கள், பள்ளியில் தம்மைக் கவனிக்க ஆள் உண்டு என்று உணர்பவர்கள், பின்னிரவில் வெளியே சுற்றாதவர்கள் ஆகியோர் போதைப் பக்கம் போவது குறைவு என்று கண்டனர். ஆகவே விளையாட்டு, இசை, நடனச் சங்கங்களுக்கு அரசு பணம் தந்தது. தலைநகர் ரெய்க்யவிக்கில் இதற்கென ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கப்பட்டது. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் தனியே வெளியில் இருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

நம் ஊர்களை எண்ணிப் பார்ப்போம். மாலை நான்கு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குப் போக்கிடம் எது? டீக்கடை, பாலத்துக் கட்டை, பம்ப் செட். எங்கள் ஊரில் வாலிபால் கட்டிய கம்பங்கள் இரண்டும் துருப்பிடித்து நிற்கின்றன. ஐஸ்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை. ஒரு வலையும் ஒரு பந்தும் வாங்க அவ்வளவு பணம் வேண்டியதில்லை.

மருந்து உண்டு

மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் கூறுகிறது. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகின்றனர். மீதி 37 பேரும் அவமானத்திற்கு அஞ்சியோ, வழி தெரியாமலோ மறைந்திருக்கின்றனர்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் கெட்ட இருவர் சந்தித்துத் தத்தம் கதையை ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொல்லிக்கொண்டனர். அதிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். நம் சென்னையில் கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமக்கு நேர்ந்ததை மூடி வைக்காதவர்களால்தான் இவ்விரண்டு நற்பணிகளும் உருவாயின.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்த வைக்கலாகாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். இரண்டாவது, 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் மருந்துகளை நம்பலாகாது. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிரம் என்னும் மருந்து, முன்பு சொன்ன அசிட்டால்டிஹைடை வெளியேறவிடாமல் உடலில் தேக்கிவிடும். அறியாமல் அதை உண்டவர் மதுவையும் குடித்தால் இறந்துபோகவும் கூடும்.

நாம் செய்யக்கூடியவை

போதையில் சிக்கிய நண்பனை 'குடிகாரன்' என்று ஒதுக்குவதும், அவனுக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றுவதும் எதிரெதிர்ச் செயல்கள் போலத் தோன்றும். இரண்டின் பலனும் ஒன்றே. இரண்டிலும் அவன் தனியே விடப்படுகிறான்.

முதலில் அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில் நேரே பேச வேண்டும். கேளாவிட்டால், அவனைத் தண்டிப்பவரிடம் அன்றி, அவனுக்கு உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். அவர் தாயாகலாம், அண்ணனாகலாம், ஓர் ஆசிரியராகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லலாம். 14446 என்னும் தேசிய எண்ணுக்கும், மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் எண்ணுக்கும் கட்டணமின்றிப் பேசலாம். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சொல்ல வரும் மாணவனிடம் முதலில் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். அடையாள அட்டை பறிபோகும் என்றால் அடுத்தவன் வாய் திறக்கமாட்டான்.

முடிவுரை

என் நண்பன் இரண்டு வாரம் சிகிச்சை பெற்றான். நான்கு மாதத்தில் மீண்டும் ஒரு முறை வழுக்கி விழுந்தான். இம்முறை நான் மறைக்கவில்லை. அன்றிரவே அவன் தாயிடம் சொன்னேன். அவன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் அவனே வந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" என்றான். இப்போது மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான். குடித்து ஓராண்டாகிறது. தவறிய இரண்டு பாடங்களில் ஒன்றைத் தேறிவிட்டான். கால் இன்னும் சற்று இழுக்கிறது.

இக்கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுக்கும் டிபன் பாக்ஸ் குடுப்பாங்களாடா?" என்றான்.

தோழர்களே, தோழிகளே! நண்பன் குழியில் விழும்போது ஊருக்குத் தெரியாமல் மேலே ஓலை போட்டு மூடுவது நட்பன்று. ஆளைக் கூப்பிட்டுக் கயிறு இறக்குவதே நட்பு. நான் இதைக் கற்க மூன்று ஆண்டுகள் ஆயின. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.